பெட்டிக்கு அடியில் ஓர் எண்

ரவுட்டர் வரும் அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் வேகத்தைப் பற்றிய எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும். ரவுட்டரைத் திருப்பினால் அடியில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று. அதில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வி1, வி2, வி5 என்று ஏதாவது போட்டிருப்பார்கள். அது வன்பொருளின் பதிப்பு எண். அதைப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு. ‘எந்த ரவுட்டர்டா வாங்கலாம்?’ என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு உண்மையில் யார் எஜமானர் என்பது பல நேரம் அதில்தான் இருக்கிறது. ஏன் அப்படி என்று சொல்ல 2002க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் டிசம்பரில் லிங்க்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான உடம்பு, பின்னால் கொம்பு மாதிரி இரண்டு ஆன்டெனா. உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 16 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ். இன்று ஒரு நல்ல புகைப்படமே 4 எம்பியைத் தாண்டிவிடும். அந்தக் காலத்துக்கு அது போதும். பெட்டி சக்கைப்போடு போட்டது. 2003இல் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸையே வாங்கிக்கொண்டது.

அதே 2003 ஜூனில், இந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதைச் சில நிரலாளர்கள் கண்டுபிடித்துப் பொதுவில் போட்டு உடைத்தார்கள். லினக்ஸ் ஓடுவதில் குற்றமில்லை. அதன் உரிமமான ஜிபிஎல் சொல்வது இதுதான்: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் விற்றால், நீ மாற்றியதன் மூலநிரலை வாங்கியவருக்குக் கொடு. லிங்க்சிஸ் அதைக் கொடுக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கையில் நெய் இருப்பதே பல கைகளுக்குத் தெரியாது. சிஸ்கோ வாங்கியது லிங்க்சிஸை. லிங்க்சிஸ் சிப் வாங்கியது பிராட்காமிடம். பிராட்காம் ஃபர்ம்வேர் எழுதும் வேலையைக் கொடுத்தது தைவானின் சைபர்டானிடம். லினக்ஸை உள்ளே வைத்தது அங்கே யாரோ ஒரு பொறியாளர். உரிமத்தின் கடமை மட்டும் எந்த பில்லிலும் ஏறாமல் கை மாறி கை மாறி வந்துவிட்டது. நான் வேலை செய்யும் துறையில் இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. யாரோ எழுதிய நூலகத்தின்மேல் இன்னொருவர் எழுதியதை எடுத்து நாங்கள் எழுதுகிறோம். உரிமக் கோப்பைத் திறந்து படிப்பவர்கள் அபூர்வம்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் மற்றவர்களும் நெருக்க, 2003 ஜூலையில் லிங்க்சிஸ் மூலநிரலை வெளியிட்டது. 2004 ஜனவரியில் அதை அடித்தளமாகக் கொண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. அதன் பெயரில் இருக்கும் மூன்று எழுத்துகள் அந்த நீலப்பெட்டியின் மாடல் பெயரில் இருப்பவை. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று அடுத்தடுத்து மாற்று ஃபர்ம்வேர்கள் வந்தன. ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வலர் இயக்கம் இத்தகைய மலிவான ரவுட்டர்களில் புது ஃபர்ம்வேர் ஏற்றி, கூரைகளில் மாட்டி, ஒன்றோடொன்று பேசவைத்து, ஊர்மக்களே நடத்தும் வலைப்பின்னல்களைக் கட்டியது.

அதே 2004இல் மியூனிக் நீதிமன்றம் ஒன்று சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக ஜிபிஎல்லை முன்வைத்துத் தடையாணை பிறப்பித்தது. வழக்குத் தொடுத்தவர் லினக்ஸின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்டு வெல்ட். அந்த வழக்கும் ஒரு ரவுட்டரைப் பற்றியதுதான். ‘நல்லெண்ணத்தில் எழுதிய வேண்டுகோள்’ என்று பலர் நினைத்திருந்த உரிமம், நீதிமன்றத்தில் நிற்கும் என்று தெரிந்தது.

நிறுவனம் கதவை மூட வேறு வழி கண்டது. 2005இல் டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே பெயர், அதே நீல உடம்பு. உள்ளே லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளம் வந்திருந்தது. ஃபிளாஷ் 4லிருந்து 2 எம்பி, ரேம் 16லிருந்து 8 எம்பி. நினைவகத்தைப் பாதியாக்கினால் செலவு மிச்சம். கூடவே, மாற்று ஃபர்ம்வேர் வந்து உட்கார இடமும் இல்லை. தெரியாமல் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வேரூன்றியது.

ஆனால் பழைய பெட்டியைத் தேடுவோர் குறையவில்லை. அதே வருடம் லிங்க்சிஸ் பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்க ஆரம்பித்தது. ‘எல்’ என்றால் லினக்ஸ் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வைஃபை தலைமுறைகள் மாறியும் அது பத்து வருடத்துக்கு மேல் கடைகளில் இருந்தது. வேகத்துக்காக அதை யார் வாங்கியிருப்பார்கள்? திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்பதே அதன் விற்பனைச் சரக்கு.

சரி, வாங்கியவர் மாற்றுவதால் மற்றவர்களுக்கு என்ன லாபம்? ஓர் உதாரணம் போதும். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை அப்லோட் செய்தால் இன்னொருவரின் வீடியோ கால் திக்கும். ரவுட்டர் தன் வரிசையில் தகவலை மலைபோலக் குவித்துக்கொள்வதே காரணம். இதற்கு ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்துப் பரப்பினார். டேவ் தாட்டும் மற்றவர்களும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேல் செரோடபிள்யூஆர்டி என்ற சோதனைத் திட்டத்தை நடத்தி, தீர்வுகளை நிஜ வீடுகளில், நிஜ ரவுட்டர்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே பதம் பார்க்கப்பட்ட எஃப்க்யூ-கோடெல் இன்று லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. மூடிய பெட்டிகள் மட்டும் இருந்திருந்தால் இந்தச் சோதனையை எங்கே செய்திருப்பார்கள்?

2015இல் அடுத்த இடி. அலைவரிசைகளை மேற்பார்க்கும் அமெரிக்காவின் எஃப்சிசி, 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர்கள் அனுமதித்த சக்திக்குமேல் ஒலிபரப்பாமல் தடுக்க நினைத்தது. நியாயமான கவலை; அந்த அலைவரிசையில் சில இடங்களில் வானிலை ரேடார்களும் இயங்குகின்றன. ஆனால் அதன் வழிகாட்டி ஆவணம், டிடி-டபிள்யூஆர்டி போன்றவற்றை ஏற்றவிடாமல் எப்படித் தடுப்பீர்கள் என்று பெயர் சொல்லியே தயாரிப்பாளர்களிடம் கேட்டது. டேவ் தாட், விண்ட் செர்ஃப் உட்பட 250க்கும் அதிகமான நிபுணர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். வாசகம் மாறியது. 2016இல் சக்தி வரம்பு மீறல் தொடர்பாக டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டிச் சமரசமானபோது, மாற்று ஃபர்ம்வேருக்கு வழிவிட ஒத்துழைப்பதாகவும் ஒப்புக்கொண்டது.

இப்போது வாங்குபவர் என்ன பார்க்கவேண்டும்? முதலில், வைஃபை சிப்புக்குத் திறந்த டிரைவர் உண்டா என்று. மீடியாடெக்கும் குவால்காமின் பல சிப்களும் தேறும். பிராட்காம் வைஃபையைத் தவிர்ப்பது நல்லது. தேறியவற்றிலும் சிப்புக்குள் ஏறும் சிறு நிரல் பெரும்பாலும் மூடியதுதான். முழு விடுதலை இன்னும் வரவில்லை. அடுத்து நினைவகம். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட பெட்டிகளை ஓப்பன்டபிள்யூஆர்டியே கைவிட்டுவிட்டது. 16/128க்குக் கீழே போகாதீர்கள். கடைசியாக, அந்தப் பதிப்பு எண். ஆதரவுப் பட்டியலில் மாடல் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் பொருந்தவேண்டும்.

என் வீட்டில் இணைய இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை, கேட்டும் தரவில்லை. அதற்குப் பின்னால் என் ரவுட்டரை மாட்டிக்கொண்டேன். தயாரித்த நிறுவனம் அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றன. இல்லையென்றால் நன்றாக உழைக்கும் ஒரு பெட்டி, ஓட்டைகளோடு வீட்டு வாசலில் காவல் நின்றிருக்கும்.

2024 நவம்பரில் மென்பொருள் சுதந்திரக் காப்பகத்தோடு சேர்ந்து ஓப்பன்டபிள்யூஆர்டி தன் சொந்த ரவுட்டரையே வெளியிட்டது. பெயர் ‘ஒன்’. வெளியானபோது விலை 89 டாலர், 1 ஜிபி ரேம். தவறான ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டாலும் பெட்டியை மீட்க, அதில் தனியாக இன்னொரு ஃபிளாஷ் சிப் இருக்கிறது. வாங்கியவர் நோண்டுவார், நோண்டினால் தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த பெட்டி. 2003இல் யாரோ கவனிக்காமல் விட்டதால் கிடைத்த உரிமை, இதில் வடிவமைப்பிலேயே இருக்கிறது.