எரித்த கையே எடுத்துச் சொன்னது

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டார ரப்பர் தோட்டங்களில், லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்த காலம் உண்டு. வாங்கிய சம்பளம் வீடு வந்து சேராது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. இப்படிக் கெட்டுப்போனவனையும் கடவுள் அழைப்பாரா? இதற்கு வரலாறு தரும் பதில்களில் ஒன்று, சாது சுந்தர் சிங்கின் வாழ்க்கை.

1889இல் பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் தாயை இழந்தார். துயரம் கோபமானது. பாதிரிமார்கள்மீது கல்லெறிந்தார். 1904 டிசம்பரில் வேதாகமத்தைத் தீயிலிட்டார். மூன்றாம் நாள் விடியலில், 'உண்மைக் கடவுள் தெரியாவிட்டால் ரயிலில் தலையைக் கொடுப்பேன்' என்ற முடிவோடு பிரார்த்தித்தபோது இயேசுவைக் கண்டதாகச் சொன்னார். குடும்பம் அவரை வெளியேற்றியது. 1905 செப்டம்பர் 3இல், தமது 16ஆவது பிறந்த நாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு காவியுடை அணிந்து, வெறுங்காலோடு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

1918இல் தமிழகத்திலும் இலங்கையிலும் பேசியவர், தொடர்ந்து மலாயாவுக்கும் வந்தார். வேதத்தை எரித்ததை அவர் எங்கும் மறைக்கவில்லை. அதையே தம் சாட்சியாக்கினார். வீட்டை விட்டு அனுப்பிய தந்தை ஷேர் சிங்கும் 1919இல் கிறிஸ்துவை ஏற்றார். 1929இல் திபெத் நோக்கிச் சென்ற சாது திரும்பவில்லை.

தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மறைந்தாலும், போதையில் விழுந்தவர்கள் இன்றும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். 'இவன் இனித் திருந்தமாட்டான்' என்று கதவைச் சாத்துமுன், கல்லெறிந்த அந்தச் சிறுவனை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.