கொடி இருந்தது, ஆள் இல்லை: மூணாறு தொழிற்சங்கங்களின் கதை

இன்னைக்கு வைகை அணையிலிருந்து கிளம்பி, மேற்கே தெரியுற மலை மேல ஏறப்போறோம்.

1959 ஜனவரியில் திறக்கப்பட்ட அணை இது. இங்க வர்றவங்களுக்கு அந்த மலை போட்டோவுக்கு நல்ல பின்னணி. தேனி, போடி பக்கத்து ஆட்களுக்கு அது பிழைப்புக்குப் போற இடம். போடிமெட்டு ஏறினா கேரளா. ஏலத்தோட்டம் வரும், அப்புறம் தேயிலை, அப்புறம் மூணாறு. அந்தக் காலத்துல மூணாறு தேயிலையே டாப் ஸ்டேஷன்லேருந்து ரோப்வேல கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாத்தான் வெளியுலகத்துக்குப் போச்சு. அதைப் பறிச்ச கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களோடது.

இந்தக் கதையில எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மேல இருக்கிற நிர்வாகம் மாறிக்கிட்டே இருக்கும்போது, ஒரு தொழிற்சங்கம் எப்படி நிலைச்சு நிற்குது?

மாற்றங்களை வரிசையா பாருங்க. முதலில் வெள்ளைக்காரர் கம்பெனி, ஆள் சேர்க்கக் கங்காணி. 1956-ல் மாநில எல்லை பிரிந்தபோது, தமிழர் நிறைந்த தேவிகுளம் கேரளாவோடு போனது. தொழிலாளி பேசுறது தமிழ், கூலி முடிவாகிறது திருவனந்தபுரத்துல. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக, நம்ம பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலை ஏறிப் போய்ப் பாடினார். இளையராஜாவோட அண்ணன்தான். அந்தக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில், அதே கட்சி ஆட்சியில், தோட்ட வேலைநிறுத்தத்தின்போது மூணாறில் துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

1964-ல் கட்சி இரண்டானது. 1970-ல் சிஐடியு பிறந்தது. தோட்டத்தில் ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என்று மூன்று கொடி. 1983-ல் கம்பெனி 'டாடா டீ' ஆனது. இவ்வளவுக்கும் சங்கங்கள் அசையலை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் கிளை இருந்தது, பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி இருந்தது.

பெரிய மாற்றம் 2005-ல் வந்தது. டாடா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகி, 'கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்' என்ற புதுக் கம்பெனி உருவானது. அதில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில். கொழுந்து பறிக்கிற அம்மாவும் ஒரு பங்குதாரர்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தொழிலாளியே முதலாளின்னு சொன்னா, சங்கம் யார்கிட்ட போய்க் கூலி கேட்கும்? லாபம் குறைஞ்சா போனஸும் குறையணும்னு கம்பெனி சொன்னா, அதுக்கு என்ன பதில்?

2015-ல் அந்தக் கேள்வி நேரா வந்து நின்றது. முந்தைய வருஷம் 20 சதவீதமாக இருந்த போனஸ், லாபம் குறைந்ததாகச் சொல்லி 10 சதவீதமாக்கப்பட்டது. நாள் கூலி 232 ரூபாய். செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி மேல இருந்த அளவு கோபம் சங்கங்கள் மேலயும் இருந்தது. கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. ஆதரவு சொல்ல வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பறிக்கிறது பெண்கள், சங்கத்துல பேசுறது ஆண்கள். எங்க வீடு இன்னும் ஒத்தை ரூம் லயம், தலைவர்கள் வீடு எப்படி இருக்குன்னு பாருங்க என்பதுதான் அவர்கள் புகார்.

அவங்க வச்ச பெயர் 'பொம்பிளை ஒருமை'. பாதி தமிழ்ப் பேச்சு, பாதி மலையாளம். ஒன்பது நாளில் அரசு இறங்கி வந்தது. 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத கருணைத் தொகை, மொத்தம் 20.

இங்கேயே முடிச்சா நல்ல சினிமா. கதை அதோட முடியலை.

அடுத்த கோரிக்கை 500 ரூபாய் நாள் கூலி. அதை முடிவு செய்கிற தோட்டத் தொழிலாளர் குழுவில் பொம்பிளை ஒருமைக்கு இடமில்லை. சாலையிலிருந்து துரத்தப்பட்ட அதே சங்கங்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தன. ஆனா பெண்கள் மூட்டிய சூட்டில் இந்த முறை அவர்களும் வேலைநிறுத்தம் அறிவிக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் கூலி 301 ஆனது. கூடவே, தினமும் பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. கூலி ஏறினா சுமையும் ஏறிச்சு.

நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெண்கள் நின்று சில இடங்களில் ஜெயித்தார்கள். அப்புறம் தலைவர்களுக்குள் பிளவு. ஒருவர் தாங்கள் எதிர்த்த கட்சிகளில் ஒன்றிலேயே போய்ச் சேர்ந்தார். 2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்கு ரொம்பக் குறைவு. பழைய சங்கங்கள் இன்னைக்கும் அங்கே இருக்கின்றன.

அப்போ யார் நிலைச்சாங்க? என் கணக்கு இது. ஒரு சங்கம் ரெண்டு விதமா உயிரோட இருக்கலாம். ஒண்ணு: கிளை, சந்தா, பதிவு, மேசையில ஒரு நாற்காலி. இது இருந்தா முதலாளி மாறினாலும், மாநிலம் மாறினாலும், கட்சியே உடைஞ்சாலும் சங்கம் விழாது. இன்னொண்ணு: பறிக்கிறவங்க சங்கக் கூட்டத்துல எழுந்து 'ஏன்?'னு கேட்க முடியுறது. மூணாறில் பழைய சங்கங்களிடம் முதலாவது மட்டும் மிச்சமிருந்தது. பொம்பிளை ஒருமையிடம் இரண்டாவது மட்டும் இருந்தது. முதலாவது இல்லாத கோபம் கரைஞ்சுபோச்சு. இரண்டாவது இல்லாத சங்கத்துக்கோ, தன் ஆட்களே தன்னை எதிர்த்து ரோட்டுல உட்கார்ந்த பிறகுதான் விஷயமே தெரிஞ்சது.

இதைக் கேட்கிற நீங்க ஐடி கம்பெனியில இருக்கலாம், டெலிவரி பைக்ல இருக்கலாம். 'நீங்களும் இந்தக் கம்பெனியோட பங்குதாரர்தான்', 'நீங்க பார்ட்னர்'னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. அப்படிச் சொன்ன நாள்ல, உங்க சார்பா யார் பேசுறாங்க, அவங்களைக் கேள்வி கேட்க உங்களுக்கு வழி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.