மலக்குழி வாயுவை அளக்கும் கருவி: அறிவியல் சொல்வதும் சட்டம் சொல்வதும்

மலக்குழிக்குள் ஒரு தொழிலாளர் இறந்தால், 'விஷவாயு தாக்கி மரணம்' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்த வாயு, எவ்வளவு இருந்தது, முன்கூட்டியே அதை அளந்தது யார் என்ற கேள்விகள் எழுவது அரிது. அவற்றைக் கேட்பதற்குத் தேவையான அறிவியலை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. மூடிய தொட்டியில் அதனுடன் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. நொடிகளில் உயிர் பறிப்பதில் முதன்மையானது ஹைட்ரஜன் சல்பைடு. அம்மோனியாவோ கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிறது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலைநாள் முழுமைக்குமான அதன் சராசரி வரம்பை 25 பிபிஎம் என்றும், உயிருக்கு உடனடி ஆபத்தான அளவை 300 பிபிஎம் என்றும் வகுத்துள்ளது.

அம்மோனியாவைக் கண்டறிய வெள்ளீய ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடுகள் பயன்படுகின்றன. சூடேற்றிய துத்தநாக ஆக்சைடுப் படலத்தின் மின்கடத்தல் வாயு பட்டால் மாறுவதை 1962இல் ஜப்பானிய ஆய்வாளர் செய்யாமா வெளியிட்டார். செயல்முறை எளியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கிறது, மின்தடை உயர்கிறது. அம்மோனியா வந்து அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, மின்தடை குறைகிறது. அந்த மாற்றமே அளவீடு. துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகி, மிகக் குறைந்த வாயுவும் புலப்படுகிறது.

இக்கருவிகள் மலிவானவை, சிறியவை. ஆனால் மலக்குழியில் அவற்றுக்கு நான்கு தடைகள் உண்டு. ஈரப்பதம் அளவீட்டைக் குலைக்கிறது. பிற வாயுக்களுக்கும் அவை எதிர்வினை காட்டுகின்றன. பெரும்பாலானவை 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடாக இயங்குவதால், மீத்தேன் உள்ள இடத்தில் தீப்பிடிக்காத உறை வேண்டும். யாவற்றிலும் முக்கியமானது, அவை ஆக்சிஜனைச் சார்ந்தே இயங்குகின்றன என்பது. ஆக்சிஜன் குறைந்த குழியில் அவற்றின் அளவீட்டை நம்ப முடியாது. ஆகவே ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் தனித்தனியே அளக்காமல், இந்த ஒரு கருவியைக் கொண்டு 'பாதுகாப்பானது' என்று எவரும் சான்றளிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய ஆளமர்த்துவதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின் விதிகள் கோரும் கருவிகளில் வாயு அளவியும் ஒன்று. சாக்கடை மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

எனவே ஒவ்வொரு மரணத்தின்போதும் நாம் கேட்க வேண்டியவை இவை: வாயு அளவி இருந்ததா? எந்தெந்த வாயுக்களை அளந்தது? கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது? அளவீட்டுப் பதிவு எங்கே? எந்திரம் ஏன் வரவில்லை?

நானோ உணரிகள் குழியின் மூடியிலும், எந்திரத்தின் கையிலும், சுத்திகரிப்பு நிலையங்களிலும் பொருத்தப்படட்டும், வரவேற்கிறோம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியினரைக் குழிக்குள் இறக்கிய சமூகத்துக்கு, அவர்களை மீண்டும் இறக்குவதற்கான அனுமதிச்சீட்டாக எந்தக் கருவியும் மாறிவிடக் கூடாது. அளக்க வேண்டியது வாயுவை. இறங்க வேண்டியது எந்திரம்.