முற்றத்து விற்பனையும் நேரிய விலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர்த் தெருக்களில் கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டின் முன்புறப் புல்தரையில் மடக்கு மேசைகள் விரிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சிறுத்துப்போன சட்டைகள், பாட்டி விட்டுச் சென்ற விளக்கு, ஒருமுறையும் திறந்து பாராத சமையல் நூல், துணையை இழந்த ஒற்றைப் பீங்கான் நாய் என்று பலவும் அவற்றின்மேல் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டிய விலைச்சீட்டு இருக்கும். ஓரத்தில் சில்லறைப் பெட்டியோடு வீட்டுக்காரர் அமர்ந்திருப்பார். தெருமுனையில் நட்ட அட்டையைக் கண்டு அயலார் வருவர், புரட்டிப் பார்ப்பர், பேரம் பேசுவர், வாங்க நினைத்தே இராத ஒன்றை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு செல்வர். இதனை முற்றத்து விற்பனை என்பர். காரை நிறுத்தும் கொட்டகையில் நடந்தால் கொட்டகை விற்பனை என்பர்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதன் வரலாற்றைப் புரட்டும்போது ஒரு பழைய வினா நம்மை எதிர்கொள்கிறது. ஒரு பொருளின் மதிப்பை அறியாமல் ஒருவர் விற்க, மற்றொருவர் வாங்கினால், அந்த ஆதாயம் யாருக்கு உரியது?

பழம்பொருள் விற்பனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ரம்மேஜ் சேல்' என்னும் தொடரின் வேர் கப்பலில் இருக்கிறது. கப்பலின் உட்புறத்தில் சரக்கை அடுக்கி வைப்பதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. உரியவர் வந்து கேட்காமல் துறைமுகத்தில் கிடந்த சரக்குகளைத் தள்ளிவிடும் விற்பனைக்கு 19ஆம் நூற்றாண்டில் அப்பெயர் வழங்கியது. பின்னர் கோயில் மண்டபங்களில் அறப்பணிக்காக நடத்தப்பட்ட பழம்பொருள் விற்பனைக்கும் அதுவே பெயராயிற்று.

பழையது அதற்கு முன்பும் விலை போயிற்று. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவும்வரை, காகிதத்துக்குக் கந்தல் துணியே மூலப்பொருள். தகரப் பாத்திரங்களோடு ஊர் ஊராய்ச் சென்ற வணிகர்கள் கந்தலை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுத்தனர். பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் தெரு வியாபாரியை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஆயினும் பிறர் உடுத்த துணியை விலைக்கு வாங்கி உடுத்துவதில் ஓர் இழிவு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மை முதலிய நோய்கள் பழந்துணியோடு வந்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். நகரங்களில் அவ்வணிகத்தில் பெரிதும் ஈடுபட்டிருந்த, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதர்கள்மீது நிலவிய வெறுப்பு மறுபுறம். அதே பழந்துணி கோயில் மண்டபத்து மேசைக்கு வந்ததும் அச்சம் தணிந்துவிட்டதைப் பார்க்கையில், நோயைவிட விற்பவரின் இனமே பலருக்கு உறுத்தலாய் இருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த மாற்றத்தில் பெரும்பங்கு ஆற்றியவர் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர். பாஸ்டன் நகரத்தின் தென்பகுதியில் குடியேறிகள் நெருக்கமாய் வாழ்ந்த ஏழைக் குடியிருப்பில் அவர் பணியாற்றினார். செல்வர்கள் வாழும் தெருக்களில் சாக்குப் பைகளோடு வீடு வீடாகச் சென்று பழந்துணிகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் திரட்டினார். அவற்றை இலவசமாய் வழங்குவதே அவருடைய முதல் எண்ணம். ஆனால் இலவசம் என்றதும் தள்ளுமுள்ளு உண்டாயிற்று. அதைவிட முக்கியமானது, சிறு தொகையாவது கொடுத்து வாங்கிச் செல்வதையே ஏழைகள் விரும்பினர் என்பது. எனவே அப்பகுதி மக்களுக்கே கூலி கொடுத்து அத்துணிகளைத் தைத்தும் வெளுத்தும் செப்பனிடச் செய்து, குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். 1902இல் இவ்வாறு தோன்றிய முயற்சியே பின்னர் 'குட்வில்' என்னும் பெரிய நிறுவனமாய் வளர்ந்தது. இலண்டனில் வில்லியம் பூத் 1890இலேயே, வீடுகளின் கழிபொருள்களைத் திரட்டும் வேலையை வேலையற்றோருக்குத் தரும் திட்டத்தை முன்வைத்திருந்தார். 1833இல் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும் தொடங்கியதும், நம் பங்குகளில் நாம் நன்கறிந்ததுமான வின்சென்ட் தெ பவுல் சபையும் அமெரிக்காவில் இத்தகைய கடைகளை நடத்தி வருகிறது.

ஹெல்ம்ஸ் கண்டறிந்ததை நாம் எளிதாய்க் கடந்துவிடலாகாது. பத்துக் காசு கொடுத்து வாங்கிய மேலங்கியை உடுத்தியவர் தலை நிமிர்ந்து நடக்கலாம். அதே மேலங்கி தானமாய் வந்தால், கொடுத்தவரைத் தெருவில் கண்டதும் தலை தாழும். மலிவு விலை ஏழையின் பணத்தை மட்டுமா காத்தது?

அறப்பணியின் மேசையிலிருந்து தனி வீட்டின் முற்றத்துக்கு இவ்வழக்கம் வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. போர் முடிந்ததும் நகரங்களைச் சூழ்ந்து புறநகர்கள் பெருகின; தனித்தனி வீடும், முன்புறம் புல்தரையும், காரும் எனக் குடும்பங்கள் குடியேறின. வீடு நிறையப் பொருள் சேர்ந்தது. சேர்ந்ததைத் தள்ளவும் வேண்டியதாயிற்று. 1950, 60ஆம் ஆண்டுகளில் பரவிய முற்றத்து விற்பனை, விலைவாசி ஏறிய 1970ஆம் ஆண்டுகளில் பெருகிற்று. ஒரு வீடு ஆண்டுக்கு இத்தனை முறைதான் விற்கலாம் என்று பல ஊராட்சிகள் விதி வகுத்தன. வாங்கிய விலைக்குக் குறைவாய் விற்ற வீட்டுப் பொருளுக்கு வருமான வரி இல்லை.

1987இல் டென்னசி மாநிலத்தின் ஃபென்ட்ரஸ் மாவட்டத்தில், விரைவுச் சாலைகளில் பறந்துபோகும் பயணிகளைத் தங்கள் சிற்றூர்களின் பக்கம் திருப்ப வேண்டி, 127ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாய் முற்றத்து விற்பனைகளை ஒரே நேரத்தில் நடத்தினர். பின்னர் அது நீண்டு, மிச்சிகன் மாநிலத்தின் அடிசன் முதல் அலபாமாவின் காட்ஸ்டன் வரை ஆறு மாநிலங்களில் 690 மைல் தொலைவுக்கு, ஆகஸ்டு மாதத்தின் முதல் வியாழன் தொடங்கி நான்கு நாள் நடக்கும் சந்தையாயிற்று. ஒற்றைப் பீங்கான் நாய்க்கு இத்தனை நீண்ட கடைத்தெரு வேறெங்கும் இராது!

இனி, நாம் எழுப்பிய வினாவுக்கு வருவோம். புதையல் கதைகள் இல்லாமல் இச்சந்தைகள் இல்லை. 1989இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆடம்ஸ்டவுனில் பழம்பொருள் சந்தையில் ஒருவர் 4 டாலருக்கு ஓர் ஓவியத்தை வாங்கினார். அவருக்குப் பிடித்தது ஓவியமன்று, அதன் சட்டகம். சட்டகத்தைப் பிரித்தபோது உள்ளே மடித்து வைத்த தாள் ஒன்று கிடைத்தது. 1776 ஜூலை 4ஆம் நாள் இரவில் பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்ட விடுதலை அறிக்கையின் படிகளுள் ஒன்று அது. 1991இல் அது 24 இலட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2007இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முற்றத்து விற்பனையில் 3 டாலருக்கு வாங்கப்பட்டுச் சில ஆண்டுகள் வீட்டில் அலங்காரமாய் இருந்த வெண்ணிறக் கிண்ணம், சீனத்துச் சோங் அரசர் காலத்தது என்று தெரிந்து, 2013இல் 22 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

இக்கதைகளை யாவரும் வாங்கியவரின் பக்கம் நின்றே சொல்கின்றனர். விற்றவர் எங்கே என்று கேட்பாரில்லை.

அவ்வாறு கேட்டு வழக்குத் தொடுத்த பெண்மணி ஒருவர் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் என்னும் சிற்றூரில் 1876இல் கிணறு தோண்டியபோது மஞ்சள் நிறக் கல் ஒன்று கிடைத்தது. கண்டெடுத்த குடும்பத்துப் பெண்மணி அதனை மில்வாக்கி நகரத்து நகைக்கடைக்காரரிடம் காட்டினார். புஷ்பராகமாய் இருக்கலாம் என்று கூறி அவர் ஒரு டாலர் தர முன்வந்தார். பெண்மணி அப்போது கொடுக்கவில்லை. பின்னர் பணமுடை வந்தது. 1883இல் அதே ஒரு டாலருக்கு விற்றார். அது பட்டை தீட்டாத வைரம், ஏறத்தாழ 16 காரட். மதிப்பு 700 டாலர் என்று தெரிந்ததும், ஒரு டாலரையும் அதற்கு வட்டியாகப் பத்துக் காசையும் நீட்டிக் கல்லைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் மறுத்தார். 1885இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், விற்கும் வேளையில் இருவருமே அக்கல் இன்னதென்று அறியவில்லை, ஏமாற்று ஏதும் நிகழவில்லை, எனவே விற்றது விற்றதுதான் என்று தீர்ப்பளித்தது. அந்த வைரம் பல கை மாறி நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது, 1964இல் அங்கிருந்து களவு போயிற்று, மீளவே இல்லை.

இத்தீர்ப்பின் வழியிலேயே சட்டம் பெரும்பாலும் நடந்துள்ளது. வாஷிங்டன் மாநிலத்தில் ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய இரும்புப் பெட்டியின் பூட்டிய உள்ளறையில் 32,207 டாலர் இருந்தது. அது வாங்கியவருக்கே உரியது என்று 1981இல் தீர்ப்பாயிற்று. அரிசோனாவில் 1996இல், இறந்த ஒருவரின் வீட்டுப் பொருள்களை விற்றபோது இரண்டு ஓவியங்கள் 60 டாலருக்குப் போயின. அவை மார்ட்டின் ஜான்சன் ஹீட் என்னும் புகழ்பெற்ற ஓவியர் தீட்டியவை. பின்னர் 10 இலட்சத்து 72 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயின. கலை அறிந்தவரைக் கொண்டு மதிப்பிடாமல் விட்டது விற்றவர்களின் பொறுப்பு என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

சட்டத்தின் தருக்கம் நமக்குப் புரிகிறது. முடிந்த விற்பனை ஒவ்வொன்றையும் மீண்டும் கிளறினால் சந்தை நடவாது. ஆயினும் பணமுடையில் கல்லை விற்றவரின் கையில் ஒரு டாலர் மட்டுமே நின்றது என்பது நமக்கு உவப்பாய் இல்லை.

இவ்வினாவைப் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே தமது 'இறையியல் தொகுப்பில்' எடுத்துக்கொண்டார். விற்பவர் குறையை மறைத்து விற்பது தவறு என்று கூறிய அவர், அதோடு நில்லாமல் வாங்குபவரிடமும் திரும்பினார். பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவர் விற்க, அது பொன்னென்று அறிந்தே மற்றவர் வாங்கினால், அது அநீதி. அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய முடிவு. மேலும், வாங்கியதால் பெரும்பயன் அடைந்தவர் தாமாகவே விற்றவருக்குக் கூடுதலாய் ஏதேனும் கொடுப்பது நேர்மைக்கு அழகு என்றும் எழுதினார். முன்னது கடமை, பின்னது மனமுவந்து செய்வது. சட்டகத்தினுள் என்ன இருந்ததென்று அறியாமல் 4 டாலர் கொடுத்தவர்மீது முன்னது விழாது. பீங்கான் கிண்ணத்தின் காலத்தை அறிந்தும் அறியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுபவர் ஒருவர் உண்டானால், அவர்மீது அது விழும்.

நிலத்தில் புதையலைக் கண்டவர் அதனை மூடி மறைத்துவிட்டு, தமக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்கினார் என்னும் மத்தேயு நற்செய்தியின் உவமை இவ்விடத்தில் வாசகர்களுக்கு நினைவு வரக்கூடும். அக்குவினாஸ் அதனையும் விட்டுவைக்கவில்லை. உரிமையாளர் எவரும் இல்லாத பழம்புதையல் கண்டவருக்கு உரியது. பிறர் நிலத்தில் கிடைத்தால் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். முழுவதும் தமதாக வேண்டும் என்பதற்காகவே அவர் நிலத்தை வாங்கினார் என்று விளக்கினார்.

ஏலக் கிடங்குகளில் இவ்வினா இன்னும் கூர்மை அடைகிறது. சிகாகோ நகரில் செவிலித்தாயாய் வீடுகளில் பணிபுரிந்த விவியன் மேயர் என்னும் பெண், வாழ்நாள் முழுவதும் ஓய்வு நேரங்களில் நிழற்படம் எடுத்து, எவருக்கும் காட்டாமல் வாடகைக் கிடங்கில் வைத்திருந்தார். முதுமையில் வாடகை கட்ட இயலவில்லை. 2007இல் பெட்டிகள் ஏலம் விடப்பட்டன. தம் நூலுக்குப் பழைய படங்களைத் தேடிய ஜான் மலூஃப் ஒரு பெட்டியை வாங்கினார். படங்களை எடுத்தவர் யாரென்று அவர் 2009இல் தேடியபோது கிடைத்தது, சில நாள்களுக்கு முன் வெளியான மறைவு அறிவிப்பே. அவர் எடுத்த படங்கள் ஒரு நூறாயிரத்துக்கும் மேல். ஏலம் நடந்த நாளிலும் அதன் பின் ஓராண்டுக்கு மேலும் அவர் உயிரோடுதான் இருந்தார்.

முற்றத்து விற்பனையில் விற்பவர் எதிரே இருக்கிறார். அதனால் விலையின் போக்கும் மாறுகிறது. நியூயார்க் மாநிலத்தில் பல ஆண்டுகள் இவ்விற்பனைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கிரெட்சன் ஹெர்மன் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், இவை வணிகப் பரிமாற்றத்துக்கும் அன்பளிப்புக்கும் இடையில் நிற்பவை என்று காட்டினார். தம் பிள்ளையின் தொட்டிலை வாங்க வந்தவர் கருவுற்ற இளம்பெண் என்று கண்டதும் தாய் விலையைக் குறைக்கிறார். விளக்கு பாட்டியுடையது என்று சொல்லிக் கொடுக்கிறார். வாங்குபவர் அக்கதையையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார். மாலையில் எஞ்சியவை வின்சென்ட் தெ பவுல் சபையின் கடைக்கோ குட்வில்லுக்கோ போகும். அதற்கும் ஆகாதவை ஓர் அட்டைப் பெட்டியில், 'இலவசம்' என்று எழுதித் தெருவோரம் வைக்கப்படும். இருட்டிய பிறகே அப்பெட்டியை நாடி வருவோரும் உண்டு.