எம்.டி. எழுதிய சினிமா

சூரியநெல்லி எஸ்டேட்டில் என் அப்பா காலத்து ஆட்களுக்குச் சினிமா என்றால் வசனம்தான். போடிக்கு இறங்கிப் படம் பார்த்து வந்தவர்கள், 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் கோர்ட் காட்சியை லயத்து வாசலில் மூச்சு விடாமல் சொல்வார்கள். இளங்கோவன் முதல் மு. கருணாநிதி வரை, படத்துக்கு எழுதுகிறவர் என்றால் நமக்குப் பேச்சை எழுதுகிறவர். எனக்கும் அந்த ருசிதான் இருந்தது, எம்.டி. வாசுதேவன் நாயரின் படங்களைப் பார்க்கும்வரை.

எம்.டி. 1933-இல் பாரதப்புழைக் கரையில் கூடல்லூரில் பிறந்தார். இன்று பாலக்காடு மாவட்டம். அன்று சென்னை மாகாணத்து மலபார். அப்பாவுக்கு இலங்கையில் வேலை. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் வேதியியல் படித்த பிள்ளை, ‘மாத்ருபூமி’ வார இதழில் உதவி ஆசிரியரானார். 1958-இல் ‘நாலுகெட்டு’ நாவல் அவரைப் பெரிய எழுத்தாளர் ஆக்கியது.

முதல் திரைக்கதை ‘முறப்பெண்ணு’, 1965. இயக்கியவர் ஏ. வின்சென்ட், ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’க்கும் ‘காதலிக்க நேரமில்லை’க்கும் ஒளிப்பதிவு செய்தாரே, அவரேதான். மலையாளப் படங்களும் அப்போது பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோ செட்டுக்குள்தான் உருவாயின. எம்.டி.யின் கதை ஆற்றங்கரைக்குப் போனது. வள்ளுவநாட்டு வீடுகளில் பேசுகிற மாதிரியே பாத்திரங்கள் பேசின. 1970-இல் பி.என். மேனோன் இயக்கிய ‘ஓளவும் தீரவும்’ செட்டை விட்டு முழுக்க வெளியே வந்தது.

1973-இல் அவரே எழுதி இயக்கிய ‘நிர்மால்யம்’ எங்கள் ஆட்களுக்கு இன்னும் நெருக்கம். அதன் நாயகன் ஒரு வெளிச்சப்பாடு. நம் வழக்கில் சாமியாடி. கோயிலில் வருமானம் இல்லை, வீட்டில் பட்டினி, கடன் கொடுத்த கடைக்காரனோடு மனைவி. ‘பராசக்தி’யின் குணசேகரன் கோயிலிலும் கோர்ட்டிலும் நியாயம் கேட்டுப் பேசுகிறான். இந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. திருவிழாவில் ஆடி, வாளால் தன் நெற்றியை வெட்டிக்கொண்டு, அம்மன் முகத்தில் ரத்தத்தைத் துப்பிச் சாகிறார். அந்த வருடத்தின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. வெளிச்சப்பாடாக நடித்த பி.ஜே. ஆண்டனி சிறந்த நடிகரானார்.

எம்.டி. வசனம் எழுத வராதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கன் பாட்டுகள் என்ற மலபார் நாட்டுப்பாடல்கள் தலைமுறை தலைமுறையாகச் சதிகாரன் என்று பழித்த சந்துவை, 1989-இல் ‘ஒரு வடக்கன் வீரகதா’வில் வஞ்சிக்கப்பட்டவனாக நிறுத்தினார். மம்மூட்டி பேசிய அந்த வசனங்களை மலையாளிகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கே பேச வேண்டும், எங்கே வாய் மூட வேண்டும் என்று தெரிந்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் படத்துக்கும் ‘கடவு’, ‘சதயம்’, ‘பரிணயம்’ படங்களுக்குமாகத் திரைக்கதைக்கான தேசிய விருது நான்கு முறை வந்தது. 1995-க்கான ஞானபீடமும் பெற்றார். 2024 டிசம்பர் 25 அன்று கோழிக்கோட்டில், 91 வயதில் காலமானார்.

அவருடைய திரைக்கதைகள் மலையாளத்தில் புத்தகங்களாகவே கிடைக்கின்றன. சினிமாவுக்கு எழுத ஆசைப்படும் நம் லயத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் படிக்கத் தெரியும். மெட்ராசுக்கு பஸ் ஏறும் முன் அதில் ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள்.