டெஃப்லான் காலத்துப் பியானோ

பழைய பேபி கிராண்ட் வாங்கப் போறவங்க முதல்ல பார்ப்பது பாலிஷை. நான் பார்க்கச் சொல்வது வரிசை எண்ணை. மூடியைத் திறந்து, டியூனிங் பின்களுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் தேடுங்க. அதை வைத்துத் தயாரித்த வருஷத்தைக் கண்டுபிடிச்சிடலாம்.

வருஷம் எதுக்குன்னு கேட்டா, ஸ்டெயின்வேயைச் சொல்லலாம். பியானோ கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நிறைய சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மரத்துளைக்குள் ஓர் உலோக ஊசி சுழலும். துளையின் உட்புறம் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். துணி ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மூட்டு இறுகி, கட்டை மந்தமாகிவிடும். இதுக்குத் தீர்வாக, 1962-ல் நியூயார்க் ஸ்டெயின்வே துணிக்குப் பதில் டெஃப்லான் குழாய்களை வைத்தது. ஈரம் ஏறாது, பூச்சி அரிக்காது, வழுக்கும். காகிதத்தில் அருமையான யோசனை.

ஆனா டெஃப்லானைச் சுற்றியிருப்பது மரமாச்சே! பருவம் மாற மாற மரம் உப்பும், சுருங்கும். டெஃப்லான் அதோடு சேர்ந்து அசையாது. துணி அந்த வித்தியாசத்தைத் தனக்குள் வாங்கிக்கிட்டிருந்தது. இங்கே குழாய் தளர்ந்து, வாசிக்கும்போது ‘டிக் டிக்’னு சத்தம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் கம்பெனி துணிக்கே திரும்பியது. ஹாம்பர்க் தொழிற்சாலை துணியை விடவே இல்லை.

சி.பி.எஸ். வாங்கினதாலதான் தரம் கெட்டதுன்னு சிலர் சொல்வாங்க. சி.பி.எஸ். வந்தது 1972-ல். டெஃப்லான் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, குடும்பத்தின் கையில் கம்பெனி இருந்தபோதே வந்தாச்சு.

அந்தக் காலத்துப் பியானோ என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூட்டுகளைத் துணிக்கு மாற்றியிருக்காங்களான்னு கேளுங்க, பில்லைக் காட்டச் சொல்லுங்க. மாற்றலைன்னா அந்தச் செலவை விலையில் கழியுங்க. 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்திக் கேளுங்க. வேகமா வாசிச்சா டிக் சத்தம் இசைக்குள் ஒளிஞ்சுக்கும்.

எந்தக் கம்பெனியானாலும் இதைவிடப் பெரிய பயம் பின் பிளாக். தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 டன். பெரும்பகுதியை இரும்புச் சட்டம் தாங்கினாலும், 200-க்கும் மேற்பட்ட பின்கள் சுருதி விலகாம நிற்பது, சட்டத்துக்கு அடியில் இருக்கிற அடுக்குமரப் பலகையின் பிடியால்தான். அது விரிசல் விட்டா வெளியே தெரியாது. மாற்றணும்னா தந்திகளையும் சட்டத்தையும் கழற்றணும். சில சமயம் அந்தச் செலவு பியானோ விலையையே தாண்டும். சவுண்ட்போர்டில் கீறல் இருந்தா அவ்வளவு பயப்படாதீங்க, அதிர்வுச் சத்தம் வராத வரை.

பின்னின் இறுக்கத்தை ஒரு டியூனர் தன் சாவியால் திருப்பிப் பார்த்தே சொல்லிடுவார். அவர் கூலியில் மிச்சம் பிடிக்காதீங்க. விற்பவர் “நேத்துதான் டியூன் பண்ணினோம்”னு சொன்னா, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போய்க் கேளுங்க.