கள்ளச்சாவியும் கன்னக்கோலும்: பூட்டைத் திறக்கும் கருவிகளின் சொல்வரலாறு குறித்துச் சில

‘கள்ளச்சாவி’ என்னும் தொடர் தமிழில் எவ்வளவு பழமையானது? அகராதிகளைப் புரட்டாமலே இதற்கு ஓர் எல்லை வகுத்துவிடலாம். சாவி என்பது போர்த்துகீசியரின் ‘ஷாவே’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. சன்னலும் அலமாரியும் மேசையும் வந்த அதே கப்பல்களில் வந்த சொல். ஆகவே கள்ளச்சாவி 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அதற்கு முன்னர், உரிய திறவுகோலின்றிப் பூட்டைத் திறக்கும் சிறு கருவியைத் தமிழர் எவ்வாறு அழைத்தனர் என்பதே என்னை உறுத்திய வினா.

மைசூரில் இருந்துகொண்டு இவ்வினாவை எழுப்புவதில் ஒரு வசதி உண்டு. அண்டை மொழி நாள்தோறும் காதில் விழுகிறது. கன்னடத்தில் பூட்டு ‘பீக’. திறவுகோல் ‘பீகத கை’, அதாவது பூட்டின் கை. மலையாளத்தில் ‘தாக்கோல்’, நம் ‘தாழ்க்கோல்’தான் அது. (தெலுங்கர் ‘தாளஞ்செவி’ என்பர். அந்தச் செவி காதுதானா, போர்த்துகீசியர் தந்ததா என்பதை வேறொரு பதிவுக்கு ஒத்திவைக்கிறேன்.) ‘பூட்டு’ என்பதோ முதலில் பெயரே அன்று, வினை. ஏரில் எருது பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் அதன் பழைய பொருள். கன்னடத்தின் ‘ஹூடு’ இன்றும் நுகம் பூட்டுதலையே குறிக்கிறது. கதவுக்குரிய பழைய சொல் தாழ் ஒன்றே. அதைத் திறப்பது கோல். வளைந்த இரும்புக் கம்பி ஒன்றைக் கதவின் துளை வழியே நுழைத்து, உட்புறத் தாழைத் தூக்குவது அல்லது தள்ளுவது. இத்தகைய அமைப்பில் ‘உரிய சாவி’, ‘கள்ளச்சாவி’ என்ற வேறுபாடு மிக மெல்லியது. அளவும் வளைவும் அறிந்த எவரும் ஒரு கம்பியைக் காய்ச்சி வளைத்துக் கோல் செய்துகொள்ளலாம். திருட்டுக் கருவிக்குத் தனிப்பெயர் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மற்றொரு காரணம் இன்னும் எளியது. திருடர் பூட்டின் பக்கமே போகவில்லை. மண்சுவர் இருக்க இரும்போடு ஏன் போராட வேண்டும்? மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவுக் கள்வர் நூலேணியும், கல்லையும் மரத்தையும் துணிக்கவல்ல வாளும் கொண்டு திரிகின்றனர். திருக்குறளின் நிறையழிதல் அதிகாரத்து முதற்குறளில் நாணம் என்னும் தாழிட்ட கதவு கோடரியால் உடைபடுகிறது, திறக்கப்படுவதில்லை. சுவரைத் துளைக்கும் தொழிலுக்கோ தென்மொழிகளில் பொதுச்சொல்லே உண்டு: தமிழில் கன்னம் வைத்தல், கன்னடத்தில் ‘கன்ன ஹாகு’, தெலுங்கில் ‘கன்னம்’. திறவுகோலுக்கு மொழிக்கொரு பெயர் வைத்துக்கொண்ட நாம், சுவரில் இடும் துளைக்கு ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

வடமொழியில் இக்காட்சி விரிவாக உள்ளது. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ (பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரின் தமிழில் ‘மண்ணியல் சிறுதேர்’) மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்னும் பிராமணத் திருடன், சுவரில் இடத்தக்க துளைகளின் ஏழு வடிவங்களை எண்ணிப் பார்க்கிறான். அளவுநூல் கொண்டுவர மறந்துவிட்டதால் பூணூலைக் கழற்றி அளக்கிறான். கழற்றியவன் அதன் பிற பயன்களையும் சொல்லிக்கொள்கிறான்: அணிகலன்களின் கொக்கியை நெகிழ்த்தலாம், பொறி பொருத்தி இறுக்கிய கதவைத் திறக்கலாம், பாம்பு கடித்தால் கட்டுப்போடலாம். வீட்டில் கிடைப்பதைக் கொண்டு பூட்டுத் திறக்கும் கருவி செய்வதற்கு நான் அறிந்த மிகப் பழைய இலக்கியச் சான்றுகளுள் இது ஒன்று. அத்தொழிலின் காவல் தெய்வமாக அவன் போற்றுவது நம் முருகனை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மைசூருக்கே வருவோம். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொணர்ந்து தந்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்து அர்த்தசாஸ்திரத்தை அடையாளம் கண்டு, 1909இல் பதிப்பித்தவர் இந்நகரின் அரசாங்கக் கீழைச்சுவடி நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி. அந்நூலின் நான்காம் அதிகரணத்தில் ஒரு தந்திரம் கூறப்படுகிறது. சித்தர் வேடமிட்ட ஒற்றர்கள், திருட்டில் நாட்டமுள்ள இளைஞரிடம் தமக்குக் கதவு திறக்கும் மந்திரம் தெரியும் என்று சொல்ல வேண்டும். முன்னரே சொல்லிவைத்த வீடுகளில் மந்திரம் ‘பலிப்பதை’க் காட்டி, அவர்களை நம்பவைத்து, பின் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மந்திரத்தால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையையே அரசு பொறியாகப் பயன்படுத்துகிறது. நகைமுரண் என்னவெனில், அதே நூலின் பதினான்காம் அதிகரணம் அத்தகைய மந்திரங்களை முழு நம்பிக்கையோடு கற்பிக்கவும் செய்கிறது.

இதை அறிந்தபின் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மீண்டும் படித்தால் பொற்கொல்லனின் பேச்சு வேறுவிதமாக ஒலிக்கிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். கொல்லன் நகைத்துக் களவுநூலை எடுத்துரைக்கிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று மந்திரத்தில் தொடங்கிக் கருவியில் முடிக்கிறான். அக்கருவி எத்தகையது என்று அவன் விவரிப்பதில்லை. காவலருள் ஓர் இளைஞன் மழையிரவில் தான் கண்ட கள்வனை நினைவுகூரும்போதுதான் ஒரு கருவி கண்ணுக்குத் தெரிகிறது: நிலம் அகழும் உளி. தச்சனும் கொல்லனும் நாளும் கையாளும் பொருள்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் அக்கொல்லனே. அங்கு நின்ற அனைவருள்ளும் கருவியறிவு மிக்கவனும் அவனே. கோவலன் கையில் உளியும் இல்லை, கோலும் இல்லை. ஆயினும் திருட்டறிவைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றே தீர்ப்பாகிவிடுகிறது. களிமகன் ஒருவன் வாளை ஓங்கும்போது எவரும் எச்சான்றையும் கேட்பதில்லை. அர்த்தசாஸ்திரத்தின் அதே அதிகரணம் கைவினைஞரையும் வணிகரையும் ‘கள்வர் என்ற பெயர் பெறாத கள்வர்’ வரிசையில் வைப்பதையும் இங்கு நினைக்கலாம். கருவி அறிந்த கையின்மீது விழும் ஐயம் மிகத் தொன்மையானது.

அது நவீன காலத்திலும் நீடித்தது. யார் கை என்பதைப் பொறுத்து. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஏ. சி. ஹாப்ஸ், திறக்கவே இயலாதென விளம்பரப்படுத்தப்பட்ட பிராமா பூட்டைத் தம் கருவிகளால் பல நாள் உழைத்து, ஏறத்தாழ 51 மணி நேரத்தில் திறந்து 200 கினி பரிசு பெற்றார். அது அறிவின் வெற்றியாகப் போற்றப்பட்டது. இருபதே ஆண்டுகளில், 1871இல், அதே பேரரசு இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. மதராஸ் காவல்துறையின் முல்லாலி 1892இல் வெளியிட்ட நூல், சாதி சாதியாகப் பிரித்துக் குற்றமுறைகளை விவரிக்கிறது. அங்கே திறன் தனிமனிதருக்கு உரியதன்று, பிறப்புக்கு உரியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. அவர்கள் எந்தப் பூட்டை உடைத்தார்கள் என்று அன்றும் எவரும் கேட்கவில்லை.

ஹாப்ஸ் செய்ததற்கு நெருங்கிய பணி நம் கடைத்தெருக்களில் நாள்தோறும் நடக்கிறது. சாவி தொலைத்தவர் பூட்டைக் கொண்டுவருகிறார். சாவி செய்பவர் வெட்டப்படாத தகட்டுச் சாவியை உள்ளே நுழைத்து அழுத்தித் திருகுகிறார். உள்ளுறுப்புகள் பட்ட இடங்களில் நுண்ணிய தழும்புகள் விழுகின்றன. தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓரிரு இழுப்பு. மீண்டும் நுழைத்தல், மீண்டும் அராவுதல். பூட்டே தன் சாவியின் வடிவத்தைச் சிறிது சிறிதாகச் சொல்லிவிடுகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைத் திறக்கும் இந்த அரக்கலைக்கு இன்றுவரை தமிழில் ஒரு பெயர்கூட இல்லை. செய்பவரிடம் கேட்டால், ‘சாவி போடுறது’ என்கிறார்.